பழைய ஸ்போர்ட்ஸ் கார்: அச்சு அசலாக மீட்பதா, நம் விருப்பத்துக்கு மாற்றுவதா? சிங்கப்பூர் வாகனப் பிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர் இரண்டுக்குப் பணம் கொடுக்கிறார். ஒன்று வண்டி, இன்னொன்று அதைச் சாலையில் ஓட்டும் உரிமை. வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் ரெஸ்டோர் ஆலோசனைகள் முதலாவதைப் பற்றி மட்டுமே பேசும். அதை நம்பி வண்டியைப் பட்டறையில் விட்டு, கைநிறையச் செலவழித்த பிறகு பதிவு விஷயத்தில் மாட்டிக்கொண்டு தவிப்பவர்கள் இங்கே உண்டு. அதனால் இந்த வழிகாட்டியில் பெயிண்ட்டும் காகிதமும் சேர்ந்தே வரும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்பேனரால் கழற்றி மாட்டக்கூடிய எதையும் உங்கள் ஆசைப்படி மாற்றுங்கள். வெட்டியும் பற்றவைத்தும் துளைபோட்டும் செய்கிற மாற்றத்தைச் செய்யாதீர்கள். கழற்றிய பழைய பாகத்தைத் தூக்கிப் போடாதீர்கள். இவற்றைக் கடைப்பிடித்தாலே "ரெஸ்டோரா, மாடிஃபையா" என்ற வாக்குவாதத்தில் பாதி தீர்ந்துவிடும். மீதிப் பாதி வண்டிக்கு வண்டி மாறும்.

படி 1: கையில் இருப்பது எந்த வண்டி என்று கண்டுபிடியுங்கள்

பெயரும் ஆண்டும் தெரிந்தால் போதாது. சேஸி எண், இன்ஜின் பிளாக்கில் பொறித்த எண், கியர் பெட்டி எண், பெயிண்ட் குறியீட்டுத் தகடு ஆகிய நான்கையும் படம் எடுங்கள். பிறகு தயாரிப்பு நிறுவனத்தின் ஆவணத்தோடு ஒப்பிடுங்கள். ஜாகுவார் வண்டிகளுக்கு ஜாகுவார் டைம்லர் ஹெரிட்டேஜ் டிரஸ்ட் சான்றிதழ் தருகிறது. எம்ஜி போன்ற பிரிட்டிஷ் வண்டிகளின் பழைய பதிவேடுகள் கேய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் இருக்கின்றன. ஃபெராரி 2006 முதல் 'கிளாசிகே' என்ற தனிப் பிரிவையே நடத்துகிறது. தொழிற்சாலையை விட்டு வெளியேறிய நாளில் வண்டியின் நிறம் என்ன, உள்ளலங்காரம் என்ன, எந்த எண்ணுள்ள இன்ஜின் இருந்தது என்பதெல்லாம் இந்தச் சான்றிதழ்களில் தெரியும்.

எண்கள் எல்லாம் பொருந்தினால் அதை 'மேட்சிங் நம்பர்ஸ்' வண்டி என்பார்கள். விலையில் இதற்கு இருக்கும் எடை, பளபளக்கும் பெயிண்ட்டுக்குக் கிடையாது.

அடுத்து, அந்த மாடல் மொத்தம் எத்தனை வெளிவந்தது என்று பாருங்கள். டொயோட்டா 2000ஜிடி 351 மட்டுமே. மெர்சிடிஸ் 300எஸ்எல் கல்விங் 1,400. போர்ஷ 911 கரெரா ஆர்எஸ் 2.7 சுமார் 1,580. இந்த வகை வண்டி உங்களிடம் இருந்தால் மாற்றுவது பற்றிய பேச்சையே விட்டுவிடுங்கள். பாட்டி காலத்து அட்டிகையை சிராங்கூன் ரோட்டில் உருக்கக் கொடுத்தால் தங்கத்தின் எடைக்குத்தான் விலை கிடைக்கும், கைவேலைக்குக் கிடைக்காது, இதுவும் அதுபோலத்தான்.

மறுமுனையில் எம்ஜிபி இருக்கிறது. 1962 முதல் 1980 வரை 500,000-க்கும் மேல் தயாரானது. முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 வண்டிகளும் 400,000-ஐத் தாண்டும். இவற்றை ஆணி முதல் அசலாக மீட்டால் உங்கள் மனம் நிறையும், போட்ட பணம் திரும்பாது. எம்ஜிபியில் 5 கியர் பெட்டி மாட்டி நெடுஞ்சாலையில் சுகமாக ஓட்டுகிறவரை நான் குறை சொல்ல மாட்டேன். பழைய பெட்டியைப் பத்திரமாக வைத்திருந்தால் வாங்குகிறவரும் சொல்ல மாட்டார்.

டாட்சன் 240இசட், ஜாகுவார் இ-டைப், காற்றால் இன்ஜினைக் குளிர்விக்கும் சாதாரண ஏர்கூல்டு 911 எல்லாம் நடுவில் வருகின்றன. உண்மையில் குழப்பம் வருவது இந்த நடு வரிசையில்தான்.

படி 2: பெயிண்ட்டுக்கு முன் காகிதம்

மூன்று ஆண்டுக்கு மேல் பழைய காரை சிங்கப்பூருக்குள் கொண்டுவந்து சாதாரணமாகப் பதிவுசெய்ய முடியாது. 35 ஆண்டைத் தாண்டினால் கிளாசிக் வாகனத் திட்டம் என்ற கதவு திறக்கிறது. அந்தத் திட்டத்தில் வண்டியை ஆண்டுக்கு அதிகபட்சம் 45 நாள்தான் ஓட்டலாம். ஆனால் ஏலத்தில் வாங்கும் வாகன உரிமைச் சான்றிதழான சிஓஇ-யின் முழுத் தொகையைக் கட்ட வேண்டியதில்லை. சாலை வரியும் இன்ஜினின் அளவைப் பொறுத்து ஏறாது.

இந்த 35 ஆண்டு விதி இப்போது ஏன் முக்கியம்? 1989-இல் வந்த நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்32-உம் அதே ஆண்டு வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5-உம் 2024-இல் 35-ஐத் தொட்டன. 1990-இல் வந்த ஹோண்டா என்எஸ்எக்ஸ் 2025-இல் தொட்டது. நம்மில் பலர் பள்ளி நாளில் சுவரில் படம் ஒட்டிப் பார்த்த வண்டிகள் இப்போதுதான் 'கிளாசிக்' ஆகின்றன.

அந்த வயதை எட்டாத வண்டியை இங்கே வைத்திருப்பவர் சிஓஇ-யைப் புதுப்பித்துக்கொண்டே வர வேண்டும். புதுப்பிக்கும் தொகை, கடந்த மூன்று மாத ஏலச் சராசரி. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான பி பிரிவு சிஓஇ 150,001 வெள்ளி வரை போனதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 10 ஆண்டுக்குப் புதுப்பித்தால் மறுபடியும் புதுப்பிக்கலாம். 5 ஆண்டுக்குப் புதுப்பித்தால் அத்தோடு சரி. பாதிப் பணம்தானே என்று 5 ஆண்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதே வண்டிக்கு முழு ரெஸ்டோர் வேலையையும் தொடங்குவதைவிடப் பெரிய தவறு இதில் இல்லை. பத்தாவது ஆண்டைத் தாண்டிய வண்டிக்குச் சாலை வரியிலும் கூடுதல் கட்டணம் ஏறும்; அது 50 விழுக்காடு வரை போகும்.

மாற்றங்களை நிலப் போக்குவரத்து ஆணையம் மூன்றாகப் பிரிக்கிறது: அனுமதி தேவையில்லாதவை, அனுமதி பெற்றுச் செய்ய வேண்டியவை, எந்த நிலையிலும் கூடாதவை. இன்ஜினை மாற்றுவதும் கியர் பெட்டியை மாற்றுவதும் இரண்டாம் வகை. இன்ஜின் எண் பதிவில் இருக்கிறது. வண்டியில் இருப்பது வேறாக இருந்தால் பரிசோதனையிலும் விற்கும்போதும் பிரச்சினை வரும். வண்டியின் நிறத்தை மாற்றினால் அதையும் பதிவில் திருத்த வேண்டும். கண்ணாடிக்குக் கறுப்பு ஒட்டுவதாக இருந்தால் முன்கண்ணாடியிலும் முன்பக்க ஜன்னல்களிலும் 70 விழுக்காடு வெளிச்சம் உள்ளே வர வேண்டும். ஜோகூர் பாருவில் வேலை மலிவு என்று அங்கே கொண்டுபோய்ச் செய்தாலும், திரும்பி வந்தால் இந்த ஊர்ச் சட்டம்தான்.

இதனால் வேலையைத் தொடங்குமுன் ஆணையத்திடம் எழுத்தில் கேட்டு, பதிலை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். "எல்லாரும் இப்படித்தான் செய்யுறாங்க" என்ற பட்டறைப் பேச்சு அனுமதி ஆகாது.

படி 3: துருவைத் தேடுங்கள்

எந்த வழியில் போவது என்று முடிவு செய்வது மனம் அல்ல, தகடு. ஆண்டு முழுக்க ஈரக்காற்று, நவம்பரிலிருந்து ஜனவரி வரை பருவமழை, பாதி திறந்த பல மாடிக் கார் நிறுத்துமிடம்: இந்த ஊரில் இரும்பு தப்பிப்பது கடினம். வாங்குமுன் அரை நாளாவது இதற்கு ஒதுக்குங்கள்.

ஓட்டுநர் பக்கக் கம்பளத்தைத் தூக்குங்கள். அடியில் தார் பூசிய சத்தத் தடுப்புத் தாள் ஒட்டியிருக்கும். அதன் ஓரத்தில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். நல்ல தகடு கல் மாதிரி இருக்கும். உள்ளே அரித்திருந்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்கும், பழுப்புத் தூள் விரலில் ஒட்டும். பிறகு டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி டயரை எடுத்துவிட்டு, அந்தக் குழியின் அடியில் தண்ணீர் நின்ற வளையம் தெரிகிறதா பாருங்கள். 240இசட் என்றால் பேட்டரித் தட்டுக்குக் கீழேயும் தரைத் தகடுகளையும் தவறாமல் பாருங்கள். பழைய போர்ஷ என்றால் 1976 மாடலுக்கு முன்னதா பின்னதா என்று கேளுங்கள். 1976 மாடலிலிருந்துதான் முழு பாடிக்கும் துத்தநாகப் பூச்சு வந்தது.

கூரையில்லாத வண்டிக்கு இன்னொரு சோதனை. கதவுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைக் குறித்துக்கொண்டு, வண்டியை ஜாக்கியில் தூக்குங்கள். இடைவெளி குறுகினாலோ கதவு திறக்க முரண்டு பிடித்தாலோ, கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதி வலுவிழந்துவிட்டது என்று பொருள். கூரையில்லாத வண்டியின் முதுகெலும்பே அந்தச் சில்தான்.

கடைசியாகப் பட்டி, அதாவது பள்ளத்தை மறைக்கப் பெயிண்ட்டுக்கு அடியில் பூசும் பூச்சு. மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை பாடி முழுக்க நகர்த்துங்கள். பட்டி தடிமனாக இருக்கும் இடத்தில் காந்தம் பிடிக்காமல் வழுக்கும். பெயிண்ட் தடிமன் அளக்கும் கருவி கிடைத்தால் இன்னும் நல்லது. தொழிற்சாலைப் பெயிண்ட் ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான் காட்டும். ஓர் இடத்தில் 1,000-ஐத் தாண்டினால் அங்கே பட்டிதான் இருக்கிறது.

பாடி அரித்துப்போயிருந்தால் ரெஸ்டோர் செலவில் பெரும்பங்கு தகடு வேலைக்கே போகும். எம்ஜிபி வைத்திருப்பவர்களுக்கு ஓர் ஆறுதல்: பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் 1988 முதல் அந்த வண்டிக்குப் புத்தம் புது பாடியையே பழைய அச்சில் அடித்துத் தருகிறது. வேறு பல வண்டிகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

படி 4: மூன்று வழியில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

பலர் இரண்டு வழிதான் இருப்பதாக நினைக்கிறார்கள். மூன்று இருக்கின்றன. பலர் மறக்கும் மூன்றாவதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்: எதையும் செய்யாமல் விடுவது.

அசல் பெயிண்ட், அசல் தோல் இருக்கை, அசல் ரப்பரோடு தப்பிப் பிழைத்த வண்டிக்கு உலகச் சந்தையில் தனி மதிப்பு வந்துவிட்டது. 2014-இல் அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேல் ஏலத்தில், ரெஸ்டோர் செய்யாத 300எஸ்எல் கல்விங் ஒன்று, அதே ஏலத்தில் வந்த ரெஸ்டோர் செய்த கல்விங்கைவிட அதிக விலைக்குப் போனது. அடுத்த ஆண்டு பாரிஸில், பத்திரிகைக் குவியலின் அடியில் பல ஆண்டு தூசி படிந்து கிடந்த ஃபெராரி 250 கலிபோர்னியா ஸ்பைடர் 1.6 கோடி யூரோவைத் தாண்டியது. இருக்கையில் இருக்கும் விரிசலை நீக்க ஆயிரம் வழி உண்டு. ஒரு தடவை நீக்கிவிட்டால் அந்த விரிசலை யாரும் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆகவே அசல் பெயிண்ட் முக்கால்வாசி நன்றாக இருந்தால் தயவுசெய்து மறுபெயிண்ட் அடிக்காதீர்கள். மெழுகு தேய்த்து, துரு பரவாமல் தடுத்து, இயந்திரத்தை மட்டும் சரிசெய்து ஓட்டுங்கள்.

இரண்டாவது வழி, அச்சு அசலாக மீட்பது. பெயிண்ட் ஏற்கெனவே பலமுறை மாறிய, எண்கள் பொருந்தும், எண்ணிக்கையில் குறைந்த வண்டிக்கு இதுவே சரி. சான்றிதழில் உள்ள நிறத்துக்கே திரும்புங்கள். வெளிர் பச்சை பிடிக்கவில்லை என்று சிவப்படிக்க ஆசை வரும், வாங்குகிறவர் கேட்கும் முதல் கேள்வி "இது பிறந்த நிறமா?" என்பதுதான். மெல்லிய தகடுகளில் வேகமாக மணல் வீசிச் சுரண்ட விடாதீர்கள், தகடு வளைந்துவிடும். ரசாயனத்தால் பெயிண்ட்டை நீக்குவது பாதுகாப்பு. அளவுக்கு மீறிய பளபளப்பும் வேண்டாம். 1960-களின் தொழிற்சாலைப் பெயிண்ட்டில் லேசான ஆரஞ்சுத் தோல் மேடுபள்ளம் இருந்தது. கண்ணாடிபோல் மின்னும் 240இசட்டைப் பார்த்தால் விவரம் தெரிந்தவர் சந்தேகத்தோடுதான் குனிந்து பார்ப்பார்.

மூன்றாவது, ரெஸ்டோமாட்: பழைய உடல், புதிய உறுப்புகள். அமெரிக்காவின் சிங்கர் நிறுவனம் போர்ஷ 911-இன் ஒரு தலைமுறையான 964 வகை வண்டிகளை எடுத்து முழுக்க மாற்றிக் கட்டுவதும், அவை அசல் 964-ஐவிடப் பல மடங்கு விலை போவதும் எல்லாரும் அறிந்ததுதான். இங்கிலாந்தின் ஈகிள் நிறுவனம் இ-டைப்பில் இதைச் செய்கிறது. அதைப் பார்த்து நம்மவர்கள் செய்யும் தவறு ஒன்றுண்டு. அந்த விலை மாற்றத்துக்குக் கிடைப்பதல்ல, மாற்றியவரின் பெயருக்கும் வேலைத் தரத்துக்கும் கிடைப்பது. அதே மாதிரி அகல ஃபெண்டரை நம் பட்டறையில் ஒட்டினால், விற்கும்போது அது "வெட்டிய 911" மட்டுமே. 1980-களில் பலர் தங்கள் சாதாரண 911-ஐ ஆர்எஸ் போல மாற்றிக் கட்டினார்கள்; இப்போது அந்த வண்டிகளை வாங்குகிறவர்கள் கைக்காசு போட்டு அவற்றை மறுபடி சாதாரண 911 ஆக்குகிறார்கள்.

ஜப்பானிய வண்டிகளில் இது இன்னும் தெளிவு. ஆர்32 ஜிடி-ஆர் 43,000-க்கும் மேல் தயாரானது, அரிய வண்டியே அல்ல. ஆனால் வாங்கியவர்களில் பெரும்பாலோர் டர்போவை மாற்றினார்கள், பூஸ்டை ஏற்றினார்கள், ரிம்மை மாற்றினார்கள். அதனால் கை படாத ஆர்32-தான் இன்று அரிது, விலையும் அதற்கே. எல்லாரும் மாற்றிய வண்டியை மாற்றாமல் வைத்திருப்பவரிடம்தான் சந்தை கடைசியில் வந்து நிற்கிறது. டொயோட்டாவும் நிசானும் தங்கள் பழைய மாடல்களுக்குப் பாகங்களை மறுபடி தயாரிக்கத் தொடங்கியது, அசலுக்குத் திரும்ப விரும்புகிறவர்களுக்கு நல்ல செய்தி.

ஒரே ஒரு விதிவிலக்கை அழுத்திச் சொல்ல வேண்டும். 1961 முதல் 1973 வரை அப்பர் தாம்சன் சாலையில் கிராண்ட் பிரிக்ஸ் பந்தயம் நடந்தது. அதில் ஓடிய வண்டி ஒன்று உங்களிடம் வந்து, அதில் பந்தயத்துக்காக அன்றே வெட்டிய ஃபெண்டரும் பற்றவைத்த ரோல் பாரும் (வண்டி கவிழ்ந்தால் காக்கும் கம்பி) இருந்தால், அவற்றை "அசலுக்கு மாற்றுகிறேன்" என்று எடுத்துவிடாதீர்கள். அந்த வண்டிக்கு அதுதான் அசல். பழைய புகைப்படம், பந்தய நிகழ்ச்சிநிரல், சாதனைப் பட்டியல் எது கிடைத்தாலும் சேர்த்து வையுங்கள். நம் ஊரின் மோட்டார் பந்தய வரலாற்றில் மிச்சமிருப்பது கொஞ்சம்தான்.

படி 5: இந்த ஊர் வெயிலுக்குச் செய்தே ஆகவேண்டிய மாற்றங்கள்

அசலை எவ்வளவு மதித்தாலும், மதியம் இரண்டு மணிக்கு மத்திய விரைவுச்சாலையில் நெரிசலில் இன்ஜின் கொதித்து நின்றால் ஒன்றும் ரசிக்காது. கீழே சொல்வன மதிப்பைக் குறைக்காதவை. சிலவேளை கூட்டவும் செய்யும்.

சிங்கப்பூரில் 1998 ஜூலையிலிருந்து ஈயம் கலந்த பெட்ரோல் கிடையாது. வார்ப்பிரும்பு சிலிண்டர் ஹெட் கொண்ட பழைய பிரிட்டிஷ் இன்ஜின்களின் வால்வு இருக்கைகளுக்கு அந்த ஈயம்தான் பாதுகாப்பாக இருந்தது. ஹெட்டைக் கழற்றும் வேலை வந்தால், கடினப்படுத்திய வால்வு இருக்கைகளைப் பொருத்திவிடுங்கள். வெளியே தெரியாது, ரசீது மட்டும் கோப்பில் இருக்கட்டும்.

தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் பாயிண்ட்டுக்குப் பதிலாக எலெக்ட்ரானிக் இக்னிஷன் வைப்பது அரை மணி நேர வேலை, திருப்பி மாற்றவும் அவ்வளவுதான். ரேடியேட்டரில் மின்விசிறி சேர்க்கலாம். 1967-க்கு முந்தைய எம்ஜிபி போன்றவற்றில் டைனமோவும், பேட்டரியின் நேர்முனையை பாடியோடு இணைக்கும் பாசிட்டிவ் எர்த்தும் இருக்கும். ஆல்டர்னேட்டருக்கு மாறினால் இரவில் விளக்கும் விசிறியும் சேர்ந்து ஓடும். ஏர்கான் வேண்டும் என்றால் தாராளமாக வையுங்கள், ஆனால் ஏற்கெனவே இருக்கும் துளைகளில் மட்டும் தாங்கி பொருத்தச் சொல்லுங்கள். டேஷ்போர்டை வெட்டி வைத்த ஏர்கான், வாங்குகிறவர் கண்ணில் முதலில் படும் காயம்.

240இசட்டில் மூன்று வெபர் கார்புரேட்டர் மாட்டினால் வரும் சத்தத்தைக் கேட்ட பிறகு மனம் பழையதுக்குத் திரும்பாது, எனக்கு அது நன்றாகத் தெரியும். மாட்டுங்கள். பழைய இரட்டைக் கார்புரேட்டரையும் மேனிஃபோல்டையும் எண்ணெய் தடவி, உறையில் சுற்றி, பெட்டியில் பெயர் எழுதி வையுங்கள். எக்ஸாஸ்ட் மாற்றுவதாக இருந்தால் மட்டும் சத்த அளவையும் ஆணைய விதியையும் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

டயரில் கஞ்சத்தனம் கூடாது. பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஆண்டுக்கு 45 நாள் ஓடும் வண்டியில் டயர் தேயாது, உள்ளுக்குள் கெட்டிப்போகும். பழைய வடிவத்திலேயே புதிதாக வரும் மிஷலின், பிரெல்லி டயர்கள் கிடைக்கின்றன. தோற்றமும் கெடாது, மழையில் உயிரும் போகாது.

படி 6: பட்டறையோடு பேசும் முறை

வீவக அடுக்குமாடி வீடுகளின் கார் நிறுத்துமிடத்தில் வண்டியைப் பிரித்துப் போட முடியாது. ஆகவே சின் மிங், காக்கி புக்கிட், உபி பக்கத்தில் ஒருவரின் இடத்தை நம்பித்தான் ஆக வேண்டும். அவருக்கோ தினமும் வரும் சாதாரண வண்டிகள்தான் சோறு. உங்கள் வண்டி மூலைக்குத் தள்ளப்படும். மொத்த வேலையையும் ஒரே தொகைக்குப் பேசாதீர்கள். தகடு, பெயிண்ட், இன்ஜின், ஒயரிங், சீட் தையல் எனப் பிரித்து, ஒவ்வொன்றும் முடிந்து நீங்கள் பார்த்த பிறகு அதற்கான பணத்தைக் கொடுங்கள். பெயிண்ட்டுக்கு முன் பழைய பெயிண்ட்டை நீக்கிய வெறும் தகட்டை நேரில் போய்ப் பாருங்கள். அந்த ஒரு நாள் பார்த்ததுதான் பட்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதற்கு நீங்கள் பின்னால் காட்டப்போகும் ஒரே சாட்சி. ஒவ்வொரு பக்கமும் படம் எடுங்கள்.

"அண்ணே, கழட்டுனது எதையும் தூக்கிப் போட்டுடாதீங்க" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். "தேஞ்சுபோன ஸ்டார்ட்டர் மோட்டார் உனக்கு எதுக்கு தம்பி?" என்று கேட்பார். எதற்கென்று விளக்கிச் சொல்லுங்கள். ஒருமுறை புரிந்துவிட்டால் போல்ட்டைக்கூட உறையில் போட்டு எழுதி வைப்பார்கள். பழைய மெக்கானிக்குகளுக்கு இந்த வண்டிகள்மீது நம்மைவிடப் பாசம் அதிகம்.

வெளிநாட்டிலிருந்து வரும் பாகத்துக்கு விலையோடு கப்பல் செலவும் 9 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேரும். நீங்கள் போடும் கணக்குக்கு மேல் மூன்றில் ஒரு பங்கைத் தனியாக ஒதுக்கி வைத்துவிட்டுத் தொடங்குவது என் பழக்கம், அது முழுக்கச் செலவாகாமல் இருந்ததில்லை.

காப்பீட்டுக்கு 'ஒப்புக்கொண்ட மதிப்பு' வகையைக் கேளுங்கள். மற்ற வகையில், விபத்து நடந்த நாளில் சந்தையில் என்ன விலையோ அதையே தருவார்கள். பழைய வண்டிக்குச் சந்தை விலை எது என்று அப்போது உட்கார்ந்து வாதாட வேண்டிவரும். மதிப்பீட்டு அறிக்கையும் ரெஸ்டோர் படங்களும் இங்கேயும் உதவும்.

படி 7: விற்கும் நேரம்

முதலில் கணக்கைப் பிரியுங்கள். சாதாரணத் திட்டத்தில் ஓடும் வண்டியின் விலையில் மீதியுள்ள சிஓஇ-யும் அடங்கியிருக்கிறது. சிஓஇ விலை ஏறியதால் உங்கள் வண்டியின் விலை ஏறினால், அது ரெஸ்டோர் வேலையின் பலன் அல்ல. அந்தப் பங்கு நாளுக்கு நாள் கரைவது. கிளாசிக் திட்டத்தில் உள்ள வண்டிக்கு இந்தக் கலப்படம் குறைவு. ஆனால் தினமும் ஓட்ட நினைக்கும் உள்ளூர் ஆள் அதை வாங்க மாட்டார்.

இங்கே வாங்குகிறவர்கள் சிறு வட்டம்தான். கார் விற்பனைத் தளமான எஸ்ஜிகார்மார்ட்டில் போடலாம், பழைய வண்டிக் குழுக்களில் சொல்லலாம். நல்ல வண்டி அந்த வட்டத்துக்குள்ளேயே வாய்மொழியாகக் கைமாறிவிடும். அரிய வண்டியாக இருந்தால் வலப்பக்க ஸ்டீயரிங் ஓடும் நாடுகளையும் பாருங்கள்: பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஹாங்காங். ஜப்பானிய வண்டிகளுக்கு அமெரிக்காவிலும் ஆள் உண்டு. அங்கே 25 ஆண்டைத் தாண்டிய வண்டியை இறக்குமதி செய்யலாம். சாதாரணத் திட்ட வண்டியைப் பதிவுநீக்கி ஏற்றுமதி செய்தால், சிஓஇ-யில் மீதியுள்ள காலத்துக்கு ஏற்பத் தொகை திரும்பக் கிடைக்கும். உள்ளூர் விலையோடு இதையும் கூட்டிப் பார்த்து முடிவெடுங்கள்.

விளம்பரத்தில் மாற்றங்களை ஒளிக்காதீர்கள். "இன்ஜின் அசல் அல்ல, 1994-இல் மாற்றப்பட்டது, அனுமதி ஆவணம் உண்டு" என்று எழுதியதால் விற்காமல் போன வண்டியை நான் பார்த்ததில்லை. அதை எழுதாமல் விட்டு, வாங்க வந்தவர் தானே கண்டுபிடித்து, விலையையும் நம்பிக்கையையும் சேர்த்துக் குறைத்ததைப் பார்த்திருக்கிறேன். ஆர்எஸ் போலக் கட்டிய 911-ஐ 'ஆர்எஸ் தோற்றம்' என்றே எழுதுங்கள்.

கோப்பில் இருக்க வேண்டியவை: தயாரிப்பாளரின் சான்றிதழ், எண்களின் படங்கள், வெறும் தகட்டின் படங்கள், எல்லா ரசீதுகளும், ஆணையத்தின் கடிதங்கள், ஒவ்வோர் ஆண்டு பரிசோதனை அறிக்கையும். இதைக் காலவரிசையில் அடுக்கி, பார்க்க வருகிறவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் படிக்கும்வரை பேசாமல் இருங்கள்.

கழற்றிய பாகங்கள் இருக்கும் பெட்டிகளையும் வண்டிக்குப் பக்கத்திலேயே திறந்து வையுங்கள். பழைய கார்புரேட்டர், பழைய ரிம், ஸ்டீயரிங், அசல் ரேடியோ எல்லாம் கண்ணில் பட வேண்டும். "அதெல்லாம் எனக்கு வேண்டாம், விலையைக் குறைங்க" என்று சிலர் பேரம் பேசுவார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள், வண்டியும் பெட்டியும் ஒரே விலை என்று சொல்லுங்கள். தனியாக விற்றால் கார்புரேட்டருக்குச் சில நூறு வெள்ளி கிடைக்கும், ஆனால் அந்த வண்டி மறுபடி அசலாகும் வழி அன்றோடு அடைபட்டுவிடும்.

விலை படிந்ததும் முன்பணத்துக்கு ரசீது எழுதி, அதில் சேஸி எண்ணையும் பெட்டியில் உள்ள பாகங்களின் பட்டியலையும் சேருங்கள். உரிமை மாற்றத்தை இருவரும் சிங்பாஸ் மின்னடையாளம் வழியாக ஆணையத்தின் ஒன்மோட்டோரிங் தளத்தில் செய்து முடித்து, திரையில் உறுதிப்பாடு வந்த பிறகே சாவியைக் கொடுங்கள்.